யாருடைய நாய்?

மனிதருக்கே நீதி கிடைத்திராத நாட்டில் நாய்களுக்காகப் பேனா எடுப்பது எவ்வகையில் முற்போக்காகும் என்று நண்பர் சிலர் எம்மைக் கேட்டனர். கேள்வி நியாயமானதே. மடியில் நாயை வைத்துக்கொண்டு வாயிலில் நிற்கும் இரவலரை விரட்டும் செல்வரை நாம் கண்டிருக்கிறோம். துரையின் பங்களா நாய் இறைச்சி தின்றதை லயத்துப் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று பார்த்த கதையை மலையகத்து முதியோர் இன்றும் சொல்வர். அத்தகைய நாயன்புக்கு வக்காலத்து வாங்குவது எமது நோக்கமன்று. நாம் பேச எடுத்துக்கொண்ட நாய் மடியில் வளர்வதுமில்லை, தெருவில் திரிவதுமில்லை. ஆய்வுகூடத்துக்கு விற்பதற்கென்றே கருவுண்டாக்கப்பட்டு, கூட்டினுள் ஈனப்பட்டு, காதில் எண் பொறிக்கப்பட்டு, விலைப்பட்டியலில் ஏற்றப்படும் நாய் அது. பெரும்பாலும் பீகிள் என்னும் சிறிய வேட்டைநாயினத்தைச் சேர்ந்தது. ஐக்கிய அமெரிக்காவில் மட்டும் 2022 ஆம் ஆண்டில் 40,000 க்கு மேற்பட்ட நாய்கள் ஆய்வுகளில் பயன்பட்டன.

அவ்வாண்டில் நிகழ்ந்த ஒரு வழக்கிலிருந்து தொடங்குவோம். வேர்ஜீனியா மாநிலத்தில் கம்பர்லாந்து என்னுமிடத்தில் என்விகோ என்ற நிறுவனம் பீகிள் நாய்களைப் பெருக்கி விற்றுவந்தது. 2021 ஆம் ஆண்டின் நடுப்பகுதி தொடக்கம் அரசாங்கப் பரிசோதகர் அங்கு கண்டவற்றைப் பதிந்துவைத்தனர். பாலூட்டும் தாய்நாய்கள் சில 42 மணித்தியாலம் வரை உணவின்றி வைக்கப்பட்டிருந்தன. ஏழு மாத காலத்துள் 300 க்கு மேற்பட்ட குட்டிகள் இன்ன காரணமென்று அறியப்படாமலே இறந்திருந்தன. 2022 மே மாதத்தில் நீதித் திணைக்களம் வழக்குத் தொடுத்தது. ஜூலையில், ஏறத்தாழ 4,000 நாய்களை அங்கிருந்து அகற்றி வளர்ப்போரிடம் ஒப்படைக்க நீதிமன்றம் இணங்கியது. 2024 ஜூனில் அந்நிறுவனத்தின் கிளைகள் குற்றத்தை ஏற்று, 3 கோடியே 50 இலட்சம் டொலருக்கு மேல் செலுத்த உடன்பட்டன. விலங்கு நலன் தொடர்பான வழக்குகளில் அந்நாடு அதுவரை கண்டிராத தொகை அது.

பலர் மகிழ்ந்தனர். நாமும் மகிழ்ந்தோம். ஆயினும் தீர்ப்பை ஊன்றி நோக்குவோர்க்கு ஒன்று புலப்படும். நிறுவனத்தின்மீது சுமத்தப்பட்ட குற்றம் யாது? உணவு ஒழுங்காக இல்லை, கூடு துப்புரவாக இல்லை, வைத்தியம் போதவில்லை, ஊழியர் போதவில்லை, கழிவுநீர் ஆற்றைக் கெடுத்தது. இவை யாவும் உண்மையே. ஆனால் உணவு வேளைக்கு வந்திருந்தால், கூடு கழுவப்பட்டிருந்தால், அதே 4,000 நாய்களும் அதே ஆய்வுகூடங்களுக்குச் சட்டப்படி சென்று சேர்ந்திருக்கும். ஒரு நீதிபதியும் வாய்திறக்க இடமிருந்திராது. தண்டிக்கப்பட்டது சீர்கெட்ட நிருவாகம். அந்தத் தொழிலை எவரும் விசாரிக்கவில்லை. துப்புரவான பண்ணை, நேரந்தவறாத உணவு, அன்பான ஊழியர் ஆகிய எல்லாம் அமைந்த பின்னரும், ஓர் உயிரைப் பரிசோதனைப் பொருளாகவே பிறப்பிக்க மனிதனுக்கு உரிமை உண்டா? எமது வினா இதுவே.

இந்தப் பண்ணைகள் எவ்வாறு தோன்றின என்று தேடிச் சென்றால் வியப்பான ஒரு செய்தி கிடைக்கிறது. அவை கொடுமையாளரின் சூழ்ச்சியால் மட்டும் தோன்றியவை அல்ல. சீர்திருத்தமும் அவற்றுக்கு வழிவிட்டது. அதனை விளக்குவதற்கு முதலில் ஒரு நூற்றாண்டுக்கு முந்திய இலண்டனுக்குச் செல்லவேண்டும்.

1903 பெப்ரவரி 2 ஆந் திகதி இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் உடற்றொழிலியல் விரிவுரையாளர் பெய்லிஸ் ஏறத்தாழ அறுபது மாணவர் முன்னிலையில் பழுப்புநிற நாயொன்றின் கழுத்தைத் திறந்து, உமிழ்நீர்ச் சுரப்பியின் இயக்கத்தைக் காட்ட முயன்றார். முந்திய டிசம்பரிலேயே ஸ்ரார்லிங் என்னும் அறிஞர் அதே நாயின் வயிற்றைத் திறந்து சதையிமீது சத்திரம் செய்திருந்தார். விரிவுரை முடிந்தபின் அது கொல்லப்பட்டது. மாணவரோடு மாணவராய் அமர்ந்திருந்த சுவீடன் நாட்டுப் பெண்கள் இருவர், லிண்ட் அவ் ஹாகபி, ஷார்ட்டோ என்போர், தாம் கண்டதை எழுதி அவ்வாண்டே நூலாக வெளியிட்டனர். நாய்க்கு மயக்கமருந்து போதியவளவு கொடுக்கப்படவில்லை என்பது அவர்களது குற்றச்சாட்டு. உயிரறுப்பாய்வை எதிர்த்த ஸ்டீபன் கோல்ரிட்ஜ் அதனைப் பொதுக்கூட்டத்திற் கூறினார். பெய்லிஸ் மானநட்ட வழக்குத் தொடுத்து வென்றார். 2,000 பவுண் நட்டஈடும் பெற்றார். மயக்கமருந்து கொடுக்கப்பட்டது என்றே யூரிமார் நம்பினர். அந்த விவகாரத்தில் யார் சொன்னது சரியென்று இன்று நாம் தீர்ப்பளிக்கத் தேவையில்லை. ஒரே விலங்கை இரண்டாம் பரிசோதனைக்கு உட்படுத்துவதை 1876 ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தியிருந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

எம்மை ஈர்ப்பது அதற்குப்பின் நடந்தது. அந்த நாய்க்கு ஒரு சிலை எடுக்க விரும்பியோர் இடந்தேடியபோது, இடங்கொடுக்க முன்வந்தது தேம்ஸ் நதியின் தென்கரையிலிருந்த பற்றர்சி என்னும் தொழிலாளர் பகுதி. தொழிலாளருக்காகக் கட்டப்பட்ட லச்மியர் குடியிருப்பின் பூங்காவில் 1906 செப்டெம்பர் 15 இல் சிலை திறக்கப்பட்டது. பேர்ணாட் ஷா உரையாற்றினார். அது வெறுஞ் சிலையுமன்று. மனிதர் நீரருந்த மேலே ஒரு குழாயும், குதிரையும் நாயும் அருந்தக் கீழே ஒரு தொட்டியும் அதில் அமைந்திருந்தன. அப்பழுப்பு நாயோடு, அக்கல்லூரியில் 1902 ஆம் ஆண்டில் அறுக்கப்பட்ட 232 நாய்களையும் கல்வெட்டு நினைவுகூர்ந்தது.

மருத்துவ மாணவருக்கு இது பொறுக்கவில்லை. 1907 நவம்பரில் சம்மட்டியோடு வந்தனர். டிசம்பர் 10 ஆந் திகதி ஏறத்தாழ ஆயிரம் மாணவர் இலண்டன் நகரினூடே ஊர்வலம்போய் ட்ரபல்கார் சதுக்கத்தில் பொலிசாரோடு மோதினர். அதே நாட்களில் பெண்களின் வாக்குரிமைக் கூட்டங்களிலும் புகுந்து குழப்பம் விளைத்தனர். வருங்கால மருத்துவர், செல்வக் குடும்பத்துப் பிள்ளைகள். சிலையைக் காத்து நின்றவர்களோ பற்றர்சித் தொழிலாளர், தொழிற்சங்கத்தினர், வாக்குக் கேட்ட பெண்கள். 1909 இல் நகரசபை பழைமைவாதிகளின் கைக்கு மாறியது. 1910 மார்ச் 10 ஆந் திகதி இருளோடிருளாக, 120 பொலிசார் காவல் நிற்கச் சபையின் வேலையாட்கள் சிலையைப் பெயர்த்தெடுத்தனர். பின்னர் அது உருக்கப்பட்டது. வேறொரு சிலை 1985 இல் பற்றர்சிப் பூங்காவில் வைக்கப்பட்டது.

முன்பின் அறியாத ஒரு நாய்க்காகத் தொழிலாளர் ஏன் நின்றனர்? கோரல் லான்ஸ்பரி என்னும் ஆய்வாளர் 1985 இல் இதைப்பற்றி ஒரு நூலே எழுதினார். அக்காலத்துத் தரும ஆசுபத்திரிகளில் ஏழை நோயாளி மாணவருக்குப் பாடப்பொருளாகவும் கிடந்தான். பணமுள்ளவனை வைத்தியர் அவன் வீட்டிற் சென்று பார்த்தார். பணமில்லாதவன் வார்ட்டில் பலர் முன்னிலையில் உடையவிழ்த்துக் காட்டினான். கட்டப்பட்டுக் கிடந்த நாயின் கதையைக் கேட்டபோது, அடுத்து அந்த மேசையில் யார் என்று அவர்கள் எண்ணியிருப்பர். இது மென்மனத்தாரின் இரக்கம் மட்டுமன்று, இடமறிந்தோரின் அச்சமுமாகும். ஜோன் ஆர்ச்சர் என்னும் கறுப்பினத்தவரை 1913 இல் நகரபிதாவாகத் தெரிந்ததும், பம்பாய்ப் பார்சியரான சாபூர்ஜி சக்லத்வாலா என்னும் பொதுவுடைமையாளரை 1922 இல் பாராளுமன்றத்துக்கு அனுப்பியதும் இதே பற்றர்சிதான். நாய்க்காக நிற்போர் மனிதரை மறந்தோர் என்று எண்ணும் நண்பர்கள் இதைச் சற்றே சிந்தித்தல் நன்று.

அந்தப் பழுப்பு நாய் யாருடையது? எவருடையதும் அன்று. கேட்பாரற்றுத் திரிந்த நாய். நெடுங்காலம் ஆய்வுகூடங்களுக்குப் போய்ச் சேர்ந்தவை பெரும்பாலும் இத்தகையனவே. தெருநாய் போதாதபோது வியாபாரிகள் வீட்டுநாயையும் பிடித்து விற்றனர். 1965 இல் பென்சில்வேனியாவில் ஒரு குடும்பத்தின் பெப்பர் என்னும் நாய் காணாமற் போயிற்று. தேடித் திரிந்த குடும்பத்தினர் இறுதியில் அறிந்தது, அது நியூயோர்க் நகரத்து மருத்துவமனையொன்றில் பரிசோதனைக்குள்ளாகி இறந்துவிட்டது என்பதையே. அடுத்த ஆண்டு பெப்ரவரியில் லைவ் சஞ்சிகை நாய் வியாபாரிகளின் கொட்டில்களைப் படமெடுத்து வெளியிட்டது. அமெரிக்க மக்கள் கொதித்தெழுந்தனர். அக்காலத்தில் அந்நாட்டுக் கொங்கிரசுக்கு வியட்நாம் யுத்தத்தைப் பற்றி வந்ததைவிட நாய்களைப் பற்றியே அதிக கடிதங்கள் வந்தன என்று சொல்வதுண்டு. அதுவும் நாம் எண்ணிப்பார்க்க வேண்டிய செய்திதான். 1966 ஆகஸ்டில் ஜோன்சன் ஒரு சட்டத்துக்குக் கையொப்பமிட்டார்.

அந்தச் சட்டம் முதலிற் காத்தது எதனை? நாய்க்கு உடைமையாளன் ஒருவன் இருந்தான். அவனது ஆதனம் களவாடப்பட்டது. களவைத் தடுத்தல் வேண்டும். வியாபாரி உரிமம் பெறல்வேண்டும், நாய் எங்கிருந்து வந்தது என்பதற்குக் கணக்குக் காட்டல்வேண்டும் என்று விதிக்கப்பட்டது. வலி நாய்க்கு, நீதி நாயின் சொந்தக்காரனுக்கு. இந்த இக்கட்டுக்கு முதலாளித்துவம் கண்ட தீர்வு மிக எளியது. எவனும் உரிமைகோர முடியாத நாயை நாமே உண்டாக்கினால் என்ன? தாயும் நிறுவனத்தின் சொத்து, குட்டியும் நிறுவனத்தின் சொத்து. அழுதுகொண்டு தேடிவரக் குடும்பமும் இல்லை. களவென்று வழக்காட ஆளும் இல்லை. நோயற்ற, ஒரே மாதிரியான உடல்கள் வேண்டுமென்ற ஆய்வாளரின் தேவையும் இதனோடு சேர்ந்துகொண்டது. பிரித்தானியாவின் 1986 ஆம் ஆண்டுச் சட்டமோ, ஆய்வுக்குரிய நாய்கள் இதற்கெனப் பண்ணைகளிற் பிறந்தனவாகவே இருத்தல்வேண்டும் என்று விதித்தது. நாய்க்குத் தரப்பட்ட தனிப் பாதுகாப்பு என்று அதனைப் போற்றினர். உண்மையில் மனச்சாட்சிக்கும் சந்தைக்குமிடையே செய்துகொள்ளப்பட்ட சமரசம் அது. நகரத்தாரின் செல்லநாய் தப்பியது. அதன் இடத்தை நிரப்ப, எவர் மனத்தையும் நோகச்செய்யாத நாயினம் ஒன்று கூட்டினுள் பெருக்கப்பட்டது.

பீகிளை ஏன் தெரிந்தெடுத்தனர் என்பதற்கு ஆய்வாளர் கூறும் காரணங்கள் ஒளிவுமறைவற்றவை. சிறிய உடல், கூட்டமாக வாழும் இயல்பு, எல்லாவற்றுக்கும் மேலாக அதன் சாந்தம். ஊசி ஏற்றியவனைக் கடிப்பது அரிது. நேற்று நோகச் செய்த கையை இன்று நக்கும். நாய் மனிதனோடு சேர்ந்தது பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னர். ஆடுமாடு பழகுமுன்னரே நாய் பழகியது. வேட்டையிலும் காவலிலும் இரவுத் தீயின் அருகிலும் தலைமுறை தலைமுறையாக விளைந்த நம்பிக்கை அது. பண்ணைக்காரன் விற்பது நாயின் ஈரலையும் இரத்தத்தையும் மட்டுமல்ல. இந்த நம்பிக்கையையும் சேர்த்தே விற்கிறான். கடிக்கும் நாயாக இருந்திருப்பின் தப்பியிருக்கும். பணிவே அதன் கேடாயிற்று. இதனை எழுதும்போது தொழிற்சங்கம் சேராத தொழிலாளியின் நினைவு எமக்கு வருவதைத் தவிர்க்க இயலவில்லை.

பாரதத்தின் இறுதியில் தருமன் தன்னைத் தொடர்ந்துவந்த நாயை விட்டுச் சுவர்க்கம் புக மறுத்தான் என்ற கதையை எமது மாணவர் அறிவர். நல்ல கதைதான். ஆனால் அந்த நாய் ஈற்றில் தருமதேவதையாக மாறுகிறது. வெறும் நாயாகவே இருந்திருப்பின் கதாசிரியன் என்ன செய்திருப்பான் என்று நாம் ஐயுறுவதுண்டு. எமது மரபில் நாய்க்குக் கிடைத்த இடம் பெரிதன்று. பக்தர் தம்மைத் தாழ்த்திச் சொல்லவும் நாயைக் கொண்டனர். ஆதிக்க சாதியார் பிறரைத் தாழ்த்திச் சொல்லவும் நாயைக் கொண்டனர்.

இங்கே முக்கியமான ஒரு வாதத்துக்கு வருகிறோம். ‘இவை இதற்கென்றே பிறந்தவை’ என்று பண்ணையை ஆதரிப்போர் கூறுவர். தெருவில் பிடித்த நாயன்று, வீட்டில் திருடிய நாயன்று. இதன் பிறப்பே இதற்குத்தான் என்பர். இச்சொற்கள் காதில் விழும்போது யாழ்ப்பாணத்து வாசகருக்குச் செவி கூசுதல் வேண்டும். எமது மண்ணில் பிறப்பு ஒருவன் செய்யும் தொழிலையும், நிற்கும் இடத்தையும், தேநீர் குடிக்கும் பாத்திரத்தையும் தீர்மானித்தது. 1968 இல் மாவிட்டபுரத்துக் கோயில் வாயிலை அடைத்து நின்றோர் சொன்ன நியாயமும் பிறப்புத்தான். எமது கூற்றைத் திரித்து விளங்கிக்கொள்ள இடமளிக்கலாகாது: ஒடுக்கப்பட்ட மக்களை நாயோடு ஒப்பிடும் இழிசெயல் எமதன்று, அதனைச் செய்தோர் அவர்களை ஒடுக்கியோரே. நாம் ஒப்பிடுவது ஒடுக்குவோர் கூறும் சமாதானங்களை. செய்கையின் நியாயத்தைச் செய்கையில் தேடாமல் பாதிக்கப்படும் உயிரின் பிறப்பில் தேடுவது அவர்களது பழைய வழக்கம்.

நாயின் விடயத்தில் அச்சமாதானம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. சாதிமான் சொன்னது பொய். எவரும் எவருக்கும் ஏவல் செய்யப் பிறக்கவில்லை. பண்ணைக்காரனோ அந்தப் பொய்யைத் தன் கையாலேயே மெய்யாக்குகிறான். அவன் பிறப்பித்த காரணத்தாலேயே அது பிறந்தது. ‘நாம் இல்லாவிடின் இந்நாய்க்கு உயிரே இருந்திராது, உயிரைத் தந்தவர் அதனைப் பயன்படுத்துவதில் என்ன தவறு?’ என்று அவன் கேட்கலாம். உயிரைத் தருதல் கடன்கொடுத்தல் போன்றது என்றால், பெற்றோருக்குப் பிள்ளைமீது உள்ள உரிமைக்கு எல்லையே இல்லாமற் போகும். பிறக்காத ஒன்று எதனையும் இழப்பதில்லை; பிறந்தது இழக்கிறது. நாம் நாய்ப்பண்ணை கண்ட அதே வேர்ஜீனியாவில், 1662 ஆம் ஆண்டிலேயே, அடிமைத் தாயின் பிள்ளை அடிமையே என்று சட்டம் இயற்றினர். தாயின் வயிறு எசமானின் கணக்கேட்டில் வரவாகப் பதியப்பட்டது. பிறப்பையே உடைமையுரிமைக்கு ஆதாரமாக்கும் சிந்தனை எத்துணைப் பழையது என்பதை இதனாற் காணலாம்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை மறைப்பது நேர்மையாகாது. 1921 ஆம் ஆண்டுக் கோடையில் ரொறன்ரோ நகரில் பாண்டிங், பெஸ்ட் ஆகிய இருவரும் நாய்களின் சதையியை அகற்றியும், அதன் சாற்றை ஏற்றியும் இன்சுலினைக் கண்டனர். 1922 ஜனவரியில் சாகக்கிடந்த பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது ஏற்றப்பட்டது. அவன் மேலும் பல ஆண்டு வாழ்ந்தான். எமது வீடுகளிலும் நீரிழிவு உண்டு. தாயின் வயிற்றில் அல்லது தொடையில் நாள்தோறும் ஊசி ஏற்றிவிட்டுப் பாடசாலைக்கு வரும் ஆசிரியரும் எம்மிடை உளர். அந்த நாய்கள் வீணாக இறந்தன என்று எம்மாற் கூற முடியாது, கூறவும் மாட்டோம்.

இதனினும் கடினமானது இன்னொன்று. நாசி மருத்துவர் சிறைமுகாம்களில் மனிதர்மீது நடத்திய பரிசோதனைகளை விசாரித்த நூரம்பேர்க் நீதிமன்று 1947 இல் வகுத்த நெறிகளுள், மனிதர்மீதான பரிசோதனைக்கு முன் விலங்குப் பரிசோதனையின் முடிவுகள் ஆதாரமாக இருத்தல் வேண்டும் என்பதும் ஒன்று. மனிதனைக் காக்க எழுந்த அறமே விலங்கை முன்னே நிறுத்தியது. இதனை எதிர்ப்போர் மனிதனை மேசையில் கிடத்தச் சொல்கிறாரா என்று கேட்பது இயல்பே. ஆனால் அந்நெறிகளுள் முதலாவது, உட்படுபவரின் மனமொப்பிய சம்மதம். சம்மதிக்க இயலாத குழந்தையை நாம் என்செய்கிறோம்? சம்மதிக்க இயலாது என்பதனாலேயே அதனை மேலும் கவனமாகக் காக்கிறோம். நாயிடம் வந்ததும் நியாயம் தலைகீழாகிறது. அதனால் மறுக்க இயலாது என்பதே அதனைக் கூட்டினுள் அடைக்கப் போதிய காரணமாகிறது. மறுக்க இயலாதோரைத் தேடிச் செல்லும் இந்த வழக்கம் நாயோடு நின்றதுமில்லை. அலபாமாவில் 1840 களில் மரியன் சிம்ஸ் என்னும் மருத்துவர் மகளிர் சத்திரசிகிச்சையை மயக்கமருந்தின்றிப் பழகியது அடிமைப் பெண்களின் உடலில். டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை அரசாங்க மருத்துவர் சிகிச்சையளிக்காமலே நோயின் போக்கைக் கவனித்திருந்தது ஏழைக் கறுப்பின விவசாயிகளின் உடலில்.

விஞ்ஞானத்துக்கு நாம் பகைவரல்லர். மந்திரித்துத் தாயத்துக் கட்டும் கூட்டத்தோடு சேர்ந்து வைத்தியத்தைத் திட்டுவதற்கு இக்கட்டுரையை எவரேனும் பயன்படுத்துவாராயின் அது எமக்குப் பெருந்துயர் தரும். விஞ்ஞானத்தின் பெயரால் யாருடைய தேவை நிறைவேறியது என்று கேட்பதே விஞ்ஞான நோக்கு. 1950 களிலிருந்து அமெரிக்க அணுசக்தி ஆணைக்குழுவின் பணத்தில் யூட்டா பல்கலைக்கழகத்திலும் கலிபோர்னியாவின் டேவிசிலும் பீகிள்களுக்குப் புளூட்டோனியம், ரேடியம், ஸ்ரொன்சியம் முதலியவை ஊட்டப்பட்டன. உயிருள்ளவரை அவற்றின் எலும்பும் குருதியும் கவனிக்கப்பட்டன. அணுகுண்டுத் தொழில் நடக்கவேண்டுமாயின் கதிரியக்கத்தின் தீங்கு தெரிதல் வேண்டுமல்லவா? நாய்களின் உடல்களையே பின்னர் கதிரியக்கக் கழிவாக அகற்ற நேர்ந்தது. 1975 இல் மேரி பீத் என்னும் பத்திரிகையாளர் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்து எடுத்த படத்தில், பீகிள்கள் வரிசையாக முகமூடி மாட்டப்பட்டுப் புகைத்துக்கொண்டிருந்தன. ஆபத்துக் குறைந்த சிகரெட்டைச் சந்தைக்குக் கொண்டுவருவதற்காம். இன்சுலினைக் காட்டிக் கதவைத் திறக்கின்றனர். அக்கதவினூடே குண்டும் சிகரெட்டும் நுழைகின்றன.

நாயின் உடல் மனித உடலுக்கு நல்ல சாட்சியா என்பதும் ஐயத்துக்குரியதே. நாம் உண்ணும் சொக்கிலேற்று நாய்க்கு நஞ்சு. முந்திரிகைப்பழம் அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மறுதலையாகவும் நிகழ்ந்திருக்கிறது. 1993 இல் பியாலூரிடின் என்னும் மருந்து நாய் உட்படப் பல விலங்குகளில் சோதிக்கப்பட்டபின் ஈரலழற்சி நோயாளர் பதினைவருக்குக் கொடுக்கப்பட்டது. ஐவர் ஈரல் செயலிழந்து இறந்தனர். விலங்குகள் எதனையும் முன்னறிவித்திருக்கவில்லை. இத்தகைய உதாரணங்களை அடுக்கி விலங்காய்வு முழுவதும் வீண் என்று முடிவுகட்டுவோர் உளர். நாம் அவ்வளவு தூரம் செல்வதில்லை. பயன் இருந்தாலும் எமது வினா நிற்கும். பயன்படுவது என்பதனாலேயே ஒன்று நியாயமாகிவிடுமாயின் சிறுவர் உழைப்பும் நியாயமே.

‘அப்படியாயின் எலி? கோழிப்பண்ணை? உமது வீட்டு ஆட்டிறைச்சிக் கறி?’ என்று மாணவர் மடக்குவர். ஆய்வுகூடங்களில் நாயைவிடப் பன்மடங்கு எலிகள் இறக்கின்றன என்பது உண்மை. எமது அடுப்பும் இவ்வினாவுக்குப் புறம்பானதன்று; இதில் எமக்குத் தெளிவான விடையில்லை. ஒரு பொல்லாங்கை நிறுத்தாமைக்கு இன்னொரு பொல்லாங்கு காரணமாகாது என்பதை மட்டுமே உறுதியாகச் சொல்லமுடிகிறது.

மாற்றம் நிகழ்கிறது. ரசல், பேர்ச் ஆகிய இருவர் 1959 இலேயே, விலங்குக்குப் பதிலாக வேறுவழி காணல், எண்ணிக்கையைக் குறைத்தல், வதையைத் தணித்தல் என்னும் மூன்றையும் விஞ்ஞானிகள் முன் வைத்தனர். இன்சுலின்கூட 1980 களிலிருந்து நுண்ணுயிர்களைக் கொண்டு செய்யப்படுகிறது. அதற்கு முன்னர் மாட்டினதும் பன்றியினதும் சதையி வேண்டியிருந்தது. மனிதக் கலங்களை வளர்த்து மருந்தைச் சோதிக்கும் முறைகள் பெருகியுள்ளன. புதிய மருந்து ஒவ்வொன்றும் விலங்கில் சோதிக்கப்பட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை அமெரிக்கச் சட்டம் 2022 டிசம்பரில் நீக்கியது. கட்டாயந்தான் நீங்கியது, அனுமதி நீங்கவில்லை. முதலீடு செய்யப்பட்ட கூடுகளும், பழகிப்போன அதிகாரிகளும், விற்பனை ஒப்பந்தங்களும் அப்படியே உள்ளன. பீகிளில் தேர்ச்சிபெற்ற தொழில் தானாகக் கலைந்துவிடும் என்று எதிர்பார்ப்பது, நிலப்பிரபு நிலத்தைத் தானாகப் பகிர்ந்தளிப்பான் என்று எதிர்பார்ப்பதற்குச் சமம்.

இத்தாலியின் அனுபவம் படிப்பினை உடையது. மொந்திக்கியாரி என்னும் ஊரில் கிறீன் ஹில் என்ற பீகிள் பண்ணை இருந்தது. 2012 ஏப்ரல் 28 இல் பட்டப்பகலில் மக்கள் அதன் வேலியில் ஏறிக் குட்டிகளை முட்கம்பிக்கு மேலாகக் கைமாற்றினர். சிலர் கைதாயினர். ஜூலையில் நீதிமன்றின் கட்டளைப்படி பண்ணை முடக்கப்பட்டு, 2,500 க்கு மேற்பட்ட நாய்கள் குடும்பங்களுக்கு வழங்கப்பட்டன. 2014 இல், ஆய்வுக்காக நாய், பூனை, குரங்கு ஆகியவற்றைத் தன் மண்ணில் பெருக்குவதை இத்தாலி சட்டத்தால் தடைசெய்தது. பெருவெற்றிதான். எனினும் பெருக்குவதைத் தடுத்ததே தவிர, பிறநாட்டில் பெருக்கியதை வாங்குவதைத் தடுக்கவில்லை. பண்ணை எல்லைக்கு அப்பால் நகர்ந்தது.

எல்லைக்கு அப்பால் நகரும் தொழில் எங்கே வந்துசேரும் என்பதை எமது நாட்டார் அறிதல் வேண்டும். ஆய்வுகூடங்களுக்கு வேண்டிய குரங்குகளைப் பெருக்கி ஏற்றுமதி செய்யும் பண்ணைகள் கம்போடியாவிலும் மொரீசியசிலும் உள. 2023 ஏப்ரலில், பொருளாதார நெருக்கடியின் நடுவே, இந்நாட்டுக்கே உரிய குரங்கினமொன்றில் ஓர் இலட்சத்தைச் சீனாவுக்கு அனுப்புவதுபற்றி எமது விவசாய அமைச்சர் பேசினார். மிருகக்காட்சிச்சாலைகளுக்கு என்றார். அத்தனை குரங்குகளை எந்தக் காட்சிச்சாலை கொள்ளும்? ஆய்வுகூடங்களுக்குத்தான் என்று சூழலியலாளர் ஐயுற்று நீதிமன்றம் சென்றனர். தமக்கு அப்படியொன்றும் தெரியாது என்றது சீனத் தூதரகம். ஏற்றுமதி செய்யப்போவதில்லை என்று சில மாதங்களில் அதிகாரிகள் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அறிவித்தனர்.

தென்னந்தோப்பை அழிக்கும் குரங்கை அனுப்பினால் என்ன என்று அப்போது கேட்டவர்களில் ஏழை விவசாயிகளும் இருந்தனர். அவர்களது கோபம் பொய்யன்று. பயிரிழந்தவனுக்கு நட்டஈடு கொடாத அரசாங்கம் அவன் கோபத்தையே ஏற்றுமதிக்கு நியாயமாக்கப் பார்த்தது. நாளை ஒரு நிறுவனம் வன்னியிலோ அம்பாறையிலோ நிலமும் வரிச்சலுகையும் கேட்டு, இருநூறு பேருக்கு வேலை தருவதாகச் சொல்லி, நாய்ப்பண்ணை அமைக்க வருமாயின், வேலையற்றிருக்கும் எமது பழைய மாணவருக்கு நாம் யாது சொல்வோம்? அவ்வேலையை ஏற்பவரை நாம் குறைகூற மாட்டோம். என்விகோவிலும் போதிய ஆளின்றி அந்தக் கூடுகளைக் கழுவியோர் கூலித் தொழிலாளர்தாம். அபராதப் பணம் அவர்கள் கைக்கு வரவில்லை. எமது எதிர்ப்பு வாசலில் நிற்கும் தொழிலாளியிடம் அல்ல, உரிமம் வழங்கும் மேசையிடம் செல்லவேண்டியது. பெருக்குவதோடு வாங்குவதையும் விற்பதையும் சேர்த்துத் தடைசெய்யும் சட்டம் வேண்டும்; அந்த நிறுவனம் வருமுன்னரே வேண்டும்.